ஜரீனா அமுக்கிய மூச்சுப் பை

என்னைத் தனியா விட்டுட்டுப் போன என் மச்சானுக்கு, ஸலாம்.

நம்ம மக ஜரீனா மெட்ராஸ்ல மூச்சு மிஷின் பார்க்குற படிப்புல சேர்ந்திருக்கா. பிளஸ் டூவுல சயின்ஸ் குரூப் எடுத்திருந்ததால எடம் கெடைச்சது. டீச்சராக்கணும்னு நீங்க ஆசைப்பட்டதை நான் மறக்கல. "அத்தா மூச்சுக்குத் தவிச்சப்போ விவரம் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் பக்கத்துல இல்லையேம்மா"ன்னு சொன்னா. நானே ஃபாரத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன்.

உங்க அக்கா மட்டும், "அடியே, ஊரான் புருஷனுக்கெல்லாம் மூச்சு ஊதி விடவா போற?"ன்னு கேட்டாங்க. "உங்களுக்கு மூச்சு இளைச்சா ஓசியிலயே ஊதி விடுறேன் மாமி"ன்னா இவ. நீங்க மவுத்தானப்புறம் அன்னைக்குத்தான் வீட்ல சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு.

இப்ப லீவுக்கு வந்தவ, திரும்பிப் போக மாட்டேங்குறா மச்சான்.

நுரையீரல் படம் போட்டுச் சொல்லித் தந்தாங்களாம். சிலிண்டர் மாட்ட, குழாய் கழுவ, எல்லாம் நல்லாத்தான் படிச்சிருக்கா. அப்புறம் ஒரு ரப்பர் பொம்மையைப் படுக்க வச்சு, காத்துப் பையை அமுக்கச் சொன்னாங்களாம். இவ வேகவேகமா அமுக்கியிருக்கா. டீச்சரம்மா கையைப் பிடிச்சு, "உள்ள போன காத்து வெளிய வர வேணாமா? நெஞ்சு இறங்குற வரைக்கும் பொறு. இளைப்புக்காரங்களுக்கு இன்னும் பொறுக்கணும்"ன்னு சொன்னாங்களாம்.

இளைப்பு முத்தி நீங்க ஆஸ்பத்திரியில கெடந்தப்போ உங்களுக்கும் அதே மாதிரிப் பைதானே? ஆஸ்பத்திரியில இருந்த ஒரே மிஷின் வேற ஒருத்தருக்கு ஓடிக்கிட்டு இருந்துச்சு. நர்ஸம்மா பையை நம்ம பக்கம் நீட்டி, "விடாம அமுக்குங்க"ன்னாங்க. நான் கை நீட்டுறதுக்கு முன்னாடி அவதான் வாங்கினா. ஸ்கூல் யூனிஃபார்மைக்கூட மாத்தாம ஓடி வந்த புள்ள. அஸர் தொழுகையில இருந்து, பொழுது சாஞ்சு மஃரிப் பாங்கு சொல்ற வரைக்கும் அமுக்கினா. விடாமன்னா வேகமான்னு நெனச்சுக்கிட்டா. அத்தா போயிருவாரோங்குற பயத்துல புள்ள வேற எப்படி அமுக்கும்?

இதையெல்லாம் சொல்லிட்டு, "நான்தாம்மா அத்தாவை..."ன்னா. அவ வாயைப் பொத்திட்டேன். பொத்தினேனே தவிர, இல்லைன்னு அடிச்சுச் சொல்ல நான் என்ன படிச்சவளா? பொறுத்து அமுக்கியிருந்தா நீங்க இருந்திருப்பீங்களா? தோல் பதனிடுற ஷாப்புல வேலை பார்த்தே அரிச்சுப்போன நெஞ்சு, எப்படியும் நின்னிருக்குமா?

"டீச்சரம்மாகிட்ட கேட்டியாடி?"ன்னேன்.

"அவங்க ஆமான்னுட்டா என்னம்மா பண்றது?"

அந்தப் பயத்தை வச்சுக்கிட்டு அவ சோறு திங்கல மச்சான். வெஞ்சனத்தைத் தட்டுல தள்ளித் தள்ளி வைக்கிறா. முகத்தைப் பார்க்க முடியல.

வடமதுரையைத் தாண்டி ரயில்ல போகாதவ நான். நாளைக்கு அவளோட மெட்ராஸ் போறேன். அந்த டீச்சரம்மாகிட்ட நானே கேக்கப் போறேன். இல்லைன்னு சொன்னா அல்லாவுக்கு நன்றி சொல்வேன். ஆமான்னு சொன்னா, அதை அவ தனியாக் கேக்கக் கூடாது. ரெண்டுல எதுவானாலும் அவளைக் கூட்டிட்டு வர மாட்டேன், அங்கேயே விட்டுட்டுத்தான் வருவேன். இன்னொரு வீட்டுப் புள்ள கையில அந்தப் பையைக் குடுக்குறப்போ, "செத்த பொறுத்து அமுக்கு தாயி"ன்னு பக்கத்துல நின்னு சொல்ல ஒருத்தி வேணும். அது நம்ம மகளா இருப்பா. இது உங்களுக்கு நான் குடுக்குற வாக்கு.

இப்படிக்கு,
உங்க மாமன் மக,
ஜரீனாவைப் பெத்தவ.