மதினி நிறுத்திய இடம்

மதினி,

இன்று காலை உத்தமபாளையம் பஸ்ஸில் ஒருவர் ஏலக்காய் மூட்டையோடு ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். வண்டி முழுக்க அந்த வாசனை. கம்பம் வரும்வரை கண்ணை மூடிக்கொண்டு உங்கள் விரல்களோடு வந்தேன். ஏலக்காய்க் கடையில் வருடக்கணக்காகத் தரம் பிரித்த விரல்கள். எத்தனை சோப்புப் போட்டாலும் அந்த மணம் போகாது.

முதன்முதலில் நீங்கள் வந்தது பல்வலிக்கு. நான் பல் டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிறவள். ஞாயிறு மாலை நோயாளிகள் கிடையாது; டாக்டரும் அவருடைய நண்பர்கள் நான்கு பேரும் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு அக்கார்டியன் வாசிக்கிற நேரம். அதைக் கிளப் என்று சொல்லிக்கொள்வார்கள். கன்னத்தைப் பிடித்தபடி மாடியேறி வந்த நீங்கள் வாசலிலேயே நின்றுவிட்டீர்கள். பாட்டு முடிந்ததும் டாக்டர், "வலி எப்படிம்மா இருக்கு?" என்றார்.

"அது கிடக்கட்டும் சார். அந்தப் பெட்டிய ஒருக்கா குடுங்க, தொட்டுப் பாத்துக்கிறேன்" என்றீர்கள்.

அடுத்த வாரமே நாம் இருவரும் கிளப்பில் சேர்ந்தோம்; ஒருவரையொருவர் மதினி என்றே கூப்பிட்டுக்கொண்டோம். நான் தாளத்தை எண்ணி எண்ணிக் கற்றுக்கொண்டேன். நீங்கள் கேட்டே பிடித்துக்கொண்டீர்கள். இரண்டாவது வருடம் உங்களுக்கென்று ஒரு மெட்டு வந்தது. பெயரில்லாத மெட்டு. நீங்கள் அதை வாசிக்கும்போது அந்த மாடி அறை மெல்ல மிதக்கத் தொடங்குவதுபோல இருக்கும் எனக்கு.

கிளப் ஊரை அழைத்து வாசிக்கவிருந்த மாலைக்கு இரண்டு மாதம் இருந்தபோது வாதம் வந்து உங்களுக்கு இடது கை விழுந்தது. அக்கார்டியனில் வலது கை கட்டைகளைத் தொடும். துருத்தியை இழுத்துக் காற்று கொடுப்பது இடது கைதான். காற்று இல்லாமல் அந்தப் பெட்டி பேசாது. நான் பார்க்க வந்த அன்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தீர்கள்.

"நான் இழுக்கிறேன் மதினி, நீங்க விரல வைங்க" என்றேன்.

"உங்க இழுப்புக்கு என் விரலு வருமா?"

"வரலைன்னா விட்ருவோம்."

உங்கள் வீட்டுக்காரர் வாசலில் என்னை நிறுத்தினார். "கை விழுந்தவள ஊரு முன்னாடி உக்கார வைக்கணுமா? எல்லாரும் பாக்க வந்துருவாக. யாராச்சும் சிரிச்சா இவ தாங்க மாட்டா." அவர் கண் கலங்கியிருந்தது. உள்ளேயிருந்து உங்கள் குரல் வந்தது: "சிரிச்சா சிரிக்கட்டும். நீங்க அழுகாம இருங்க, போதும்."

திராட்சைத் தோட்டத்தை ஒட்டிய கல்யாண மண்டபம். சன்னல்களுக்கு வெளியே பந்தல் பந்தலாகப் பச்சை, அதற்கப்பால் குமுளி மலை, அதன் மேல் மங்கிவரும் மஞ்சள் வெயில். பெட்டி உங்கள் மடியில். உங்கள் இடப்பக்கம் ஒட்டி உட்கார்ந்து, துருத்தியின் வாருக்குள் கையை நுழைத்தேன். உங்கள் தோள் ஏறி இறங்குவதைப் பார்த்து இழுத்தேன். கொஞ்ச நேரத்தில் எது என் மூச்சு, எது உங்கள் மூச்சு என்று தெரியாமல் போனது.

பாதியில் உங்கள் விரல்கள் நின்றன. நானும் நிறுத்தினேன். துருத்தி பாதி விரிந்தபடி நின்றது. யாரோ இருமினார்கள். பின்வரிசையில் உங்கள் வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். மறந்துவிட்டீர்களா, மறுபடி உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்களோ சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி, "இப்ப இழுங்க" என்றீர்கள்.

இழுத்தேன். அத்தனை மெதுவாக ஒரு ஒலி பிறந்து மண்டபம் முழுக்கப் பரவியதை அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்கவில்லை.

கைதட்டல் அடங்கியதும், "மறந்துட்டீங்களோன்னு பயந்துட்டேன்" என்றேன்.

"மறக்கலை மதினி. அங்கன மலையில மேகம் எறங்குச்சு. எறங்கி முடியட்டும்னு இருந்தேன்."

உங்கள் வீட்டுக்காரர் மேடையேறி வந்து உங்கள் மடியிலிருந்து பெட்டியை எடுத்தார். ஒரு கையில் பெட்டி, மறு கையில் நீங்கள். ஆட்டோவரை அப்படியே நடந்தார்.

அடுத்த ஐப்பசி மழையில் நீங்கள் போய்விட்டீர்கள்.

கிளப் இன்றும் நடக்கிறது. உங்கள் மெட்டை இப்போது நான் வாசிக்கிறேன். அந்த இடம் வந்ததும் நிறுத்திவிடுகிறேன். எனக்கு மறந்துவிட்டதென்று நினைத்து, புதிதாகச் சேர்ந்தவர்கள் அடுத்த அடியை முணுமுணுத்து எடுத்துக் கொடுக்கிறார்கள். அந்த ஓரிடத்தை மட்டும் நான் எண்ணி வாசிப்பதில்லை. மாடி அறைச் சன்னலுக்கு எதிரே செல்போன் கடையின் சுவர்தான் தெரியும். அதைப் பார்த்தபடி இருக்கிறேன், இழுக்கலாம் என்று தோன்றும்வரை.