பால்கனி மட்டும் பாக்கி

பிப்ரவரி 3

பெயிண்டர் இன்றும் முணுமுணுத்துக்கொண்டேதான் அடித்தார். "ஹாலும் வெள்ளை, ரூமும் வெள்ளை, கிச்சனும் வெள்ளை. இது வீடா, ஆஸ்பத்திரியாம்மா?" ஹாலுக்குப் பால் வெள்ளை, படுக்கையறைக்கு முட்டையோட்டு வெள்ளை, ரெண்டும் ஒன்றில்லை என்று ஜன்னலோரம் கூட்டிப்போய்க் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "மூக்குக்கண்ணாடிக் கடையில வேலை செய்றவங்க கண்ணுக்குத் தெரியும். என் கண்ணுக்குத் தெரியல" என்றார்.

அம்மா இருந்தவரை இந்தச் சுவரெல்லாம் கரும்பச்சை. அழுக்கு தெரியாதாம். அந்தப் பச்சை லேசில் விடுவேனா என்கிறது. எத்தனை பூச்சு பூசினாலும் மூலையில் எட்டிப் பார்க்கிறது.

பிப்ரவரி 9

கடையில் காத்திருப்பவர்கள் புரட்டுவதற்காகப் போட்ட பழைய பத்திரிகையில்தான் வட ஐரோப்பாவின் ஸ்காண்டிநேவிய வீடுகளை முதலில் பார்த்தேன். குளிர்காலம் முழுக்க இருட்டில் கிடக்கிறவர்கள். கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தை வீட்டுக்குள் எப்படிப் பிடித்து வைப்பது என்பதுதான் அவர்கள் கவலை. வெள்ளைச் சுவர், வெளிறிய மரம், மடியில் போட ஒரு கம்பளி, தேவைக்கு மேல் ஒரு சாமான் கிடையாது. நம் வீட்டுக்கும் அதே நோய்தானே? எதிர்க் கட்டடம் வந்ததிலிருந்து காலையில் வரும் வெயில் தலையைக் காட்டிவிட்டு ஓடிவிடுகிறது.

பெயிண்டரைக் கூப்பிடுவதற்கு முன்பே தம்பியிடம் படத்தைக் காட்டியிருந்தேன். வேண்டாம் என்பானோ என்று உள்ளுக்குள் ஒரு பயம். "தாராளமா பண்ணுக்கா. உன் வீடு, உன் இஷ்டம்" என்றான். தரைக்கு மரப்பலகை நானே போட்டுத் தருகிறேன் என்றும் சொன்னான். நான் கேட்கவேயில்லை.

அம்மா வீட்டை அவன் பெயரில் எழுதியபோதும் இதையேதான் சொன்னான். "பேர் மட்டும்தான் என்னுது. நீ இருக்கிற வரைக்கும் இது உன் வீடு." அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டது நான். அவனுக்கு அது தெரியும்.

பிப்ரவரி 22

கடையில் பழைய ஷோகேஸைக் கழித்துக் கட்டினார்கள். ஃப்ரேம்களை அடுக்கும் மரத்தட்டுகளைக் குப்பையில் போடப் போனார்கள். நான் விடவில்லை. 'லென்ஸ்'தான் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். கடையின் பின்னறையில் கண்ணாடி தேய்க்கிறவர். சொந்தப் பெயரில் கூப்பிட்டால் அவரே திரும்பமாட்டார்.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் தோள்பட்டை கழன்றுவிட்டது. ஆனால் உள்ளேயிருந்து வந்த மரத்தின் நிறம்! தேன் கலந்த பால். சமையலறைச் சுவரில் அடுக்கிவிட்டேன், ஸ்பூன், கிண்ணம், தீப்பெட்டி எல்லாம் ஆளுக்கொரு குழியில் உட்கார்ந்திருக்கின்றன. சோபாவுக்கு மேலே, கண் பரிசோதிக்கும் பழைய எழுத்துப் பலகை. பத்திரிகையில் இதெல்லாம் கிடையாது. இது என்னுடையது.

"சோபால உக்கார்றவங்களுக்குக் கடைசி வரி தெரியலன்னா நேரா கடைக்கு அனுப்பிடுங்க" என்றார் லென்ஸ்.

மார்ச் 6

காகித விளக்கு மாட்டியாயிற்று. நிலா ஒன்றைக் கூலிக்குப் பிடித்து வந்த மாதிரி இருக்கிறது.

மார்ச் 15

தம்பி தன்னுடன் வேலை செய்கிற ஒருவரையும் அவர் மனைவியையும் கூட்டி வந்தான். "இவங்க கைவண்ணத்தைப் பாருங்க" என்று அறை அறையாகக் காட்டினான். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. டீ போட்டேன், கம்பளியை மடித்துப் போட்டேன், எழுத்துப் பலகையின் கதையைச் சொன்னேன்.

அந்த மனிதர் பாத்ரூம் குழாயைத் திறந்து விட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். படுக்கையறைச் சுவரைத் தட்டிப் பார்த்தார். ரசனை ஆளுக்கு ஆள் வேறு!

மார்ச் 29

இன்றும் ஒரு குடும்பம். பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று கேட்டார்கள். வந்த இடத்தில் பேச்சுக்குக் கேட்கிறார்கள் போல.

அவர்கள் இறங்கிப் போனதும் தம்பி வாசலில் நின்று, "பால்கனி எப்பக்கா முடியும்?" என்றான். மரப்பெட்டிகளில் செடி, ஒரு பெஞ்சு, அவ்வளவுதான், அது மட்டும்தான் பாக்கி என்றேன். "சீக்கிரம் முடிச்சிடு. நல்லா இருக்கும்." இவனுக்கு எப்போதிருந்து செடிமேல் ஆசை? சின்ன வயதில் நான் வைத்த விதையெல்லாம் முளைத்ததா என்று தோண்டிப் பார்த்தே சாகடித்தவன். சிரிப்பு வந்தது.

ஏப்ரல் 11

எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் ஒரு பெண் வந்தாள். மார்ச்சில் பள்ளிக்கூடம் கேட்ட குடும்பத்தின் அம்மா. கையில் அளக்கிற டேப். "உங்க சாரைக் கேட்டேன், நேரா போய் அளந்துக்கச் சொன்னார்" என்றாள். எந்த சார்? புரியாமலேயே உள்ளே விட்டேன். ஜன்னலை அளந்தாள். பிறகு மரத்தட்டுகளைத் தொட்டுப் பார்த்து, "இதெல்லாம் வீட்டோடதான் வருதுன்னு சொன்னார், சரிதானே?" என்றாள்.

எந்த வீட்டோடு?

அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள். "நீங்கதானே வீட்டை அலங்காரம் பண்ணித் தர்றவங்க? வேலை முடியற வரைக்கும் இங்கேயே தங்கியிருக்கீங்கன்னு சொன்னாரே. எப்போ முடியும்?"

"பால்கனி மட்டும் பாக்கி" என்றேன். அதுதான் வாயில் வந்தது. அவளுக்குத் தண்ணீர்கூடக் கொடுத்தனுப்பினேன்.

அலங்காரம் பண்ணித் தருகிறவள். என் அம்மா செத்த வீட்டில் நின்றுகொண்டு.

ஏப்ரல் 12

போனில் கேட்கப் பிடிக்கவில்லை. நேரே போனேன். தம்பி மனைவிதான் கதவைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே அவள் முகம் செத்துவிட்டது. அவளுக்கும் தெரியும். அவர்கள் வீட்டில் தெரியாத ஆள் யாரும் இல்லை போலிருக்கிறது.

தம்பி உள்ளேயிருந்து வந்தான். "சொல்லணும்னுதான் இருந்தேன்கா."

"எப்போ?"

"எல்லாம் முடிஞ்சதும்."

"எது முடிஞ்சதும்?"

நானே சொன்னேன். "பால்கனியா?"

தலையைக் குனிந்துகொண்டான். பெரிய வீடு பார்த்திருக்கிறார்களாம். வெள்ளையடிக்கும் முன்னால், நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில் இந்த வீட்டை நாலு பேருக்குக் காட்டினார்களாம், பச்சைச் சுவரைப் பார்த்துவிட்டு ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லையாம். "நீ பண்ணதுக்கப்புறம் போட்டி போட்டுட்டு வந்தாங்கக்கா" என்றான். இதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்திருப்பான் போல. அப்படித்தான் சொன்னான்.

"அக்கான்னு சொல்லியிருக்கலாமே, அவங்ககிட்ட."

"அக்கா குடியிருக்கான்னா யாரா இருந்தாலும் வாங்க யோசிப்பாங்க."

தம்பி மனைவி குறுக்கே வந்தாள். "அண்ணி, புது வீட்டுல உங்களுக்குன்னு ஒரு ரூம் இருக்கு. எங்களோட வந்துடுங்க." ஜன்னல் இருக்கிற ரூமா என்று கேட்டேன். அவள் அவனைப் பார்த்தாள்.

எழுந்து வந்துவிட்டேன்.

ஏப்ரல் 13

கடைக்கு லீவு. படுத்தே கிடந்தேன்.

ஏப்ரல் 20

விற்றது வலிக்கவில்லை. சரி, வலிக்கிறது, ஆனால் அது வேற வலி. அவன் பேர்ல இருக்கு, அவன் விக்கலாம். ஆரம்பத்திலேயே வந்து, "அக்கா, விக்கப் போறேன், வெள்ளையடிச்சுக் குடு"ன்னு கேட்டிருந்தா செஞ்சு குடுத்திருக்க மாட்டேனா? அழுதுகிட்டே செஞ்சிருப்பேன். செஞ்சிருப்பேன்ல?

இல்ல, என்னை ஆசையா செய்ய விட்டு வேடிக்கை பார்த்தானே. நான் பெருமையா டீ போட்டுக் கொடுக்கும்போது அவனும் வாங்கிக் குடிச்சானே. "உன் வீடு, உன் இஷ்டம்"னு சொன்ன நாள் அவன் மனசுல விக்கிற கணக்கு மட்டும்தான் இருந்ததா, இல்ல கொஞ்சமாவது நிஜமா சொன்னானா? இதை மட்டும் இன்னும் கேட்கவில்லை. எந்தப் பதில் வந்தாலும் என்னால் தாங்க முடியாது.

வீடு என்னவோ இன்று ரொம்ப அழகாக இருந்தது. அதைப் பார்க்கத்தான் எரிச்சல்.

மே 4

லென்ஸ் வண்டியோடு வந்தார். என் கையால் வந்ததையெல்லாம் கழற்றினேன்: மரத்தட்டு, எழுத்துப் பலகை, விளக்கு, திரை, கம்பளி. தரைப்பலகை அவன் போட்டது, அது கிடக்கட்டும்.

பாதியில் தம்பி வந்து நின்றான். "அக்கா, அவங்க இதைப் பார்த்துத்தான் வாங்கினாங்க. விளக்கையாவது விட்டுட்டுப் போயேன்."

"அலங்காரம் பண்றவ வேலை முடிஞ்சா சாமானை எடுத்துட்டுத்தான் போவா."

அவன் முகம் சின்னப் பையனுடையது மாதிரி ஆகிவிட்டது. நான் பார்க்கவில்லை என்று காட்டிக்கொண்டேன். லென்ஸ் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அளக்க வந்த பெண்ணுக்கு, அவள் கொடுத்துவிட்டுப் போன நம்பரில் நானே போன் செய்தேன். "நான் அவனுடைய அக்கா. இந்த வீட்டில்தான் வளர்ந்தேன். சாமான் என்னுடையது, எடுத்துப் போகிறேன். நீங்கள் ஏமாறக்கூடாது என்றுதான் சொல்கிறேன்." "எனக்குத் தெரியாதுங்க" என்றாள். அவளுக்கு எப்படித் தெரியும்.

மே 17

கடைக்குப் பின் தெருவில், மாடியில் ஒரு அறை, ஒரு சமையலறை. சுவர் சாயம் போன ரோஸ். மூட்டைகளைப் பிரிக்கவில்லை. பிரித்து அழகாக அடுக்கினால் யாராவது வந்து குழாயைத் திறந்து பார்ப்பார்கள் என்று ஒரு பைத்தியக்காரப் பயம்.

ஜூன் 2

தம்பி இரண்டு தடவை கூப்பிட்டான். எடுக்கவில்லை.

ஜூன் 19

பெயிண்டரை வழியில் பார்த்தேன். "என்னம்மா, இங்கேயும் வெள்ளையா?" என்றார். தெரியல என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. வெள்ளை எனக்குப் பிடித்ததா, பத்திரிகைக்குப் பிடித்ததா? வீடு வாங்குகிறவர்களுக்குப் பிடித்தது, அது நிச்சயம்.

ஜூலை 8

ஞாயிறு. காலையிலிருந்து ஒரே ஒரு சுவருக்கு நானே அடித்தேன். கடுகு மஞ்சள். ஜன்னலுக்கு எதிர்ச் சுவர். கோடுகோடாகத்தான் வந்திருக்கிறது, பெயிண்டர் பார்த்தால் சிரிப்பார்.

பாதி முடித்திருப்பேன், மணி அடித்தது. தம்பி. கையில் பழப்பை. இளைத்திருந்தான். கதவு வழியாகவே சுவரைப் பார்த்தான்.

"நல்லா இருக்குக்கா."

புது வீட்டுக்குப் போய்விட்டார்களாம். "அண்ணி வந்து நிறம் பார்த்துச் சொன்னா நல்லா இருக்கும்னு வீட்டுல சொல்றா" என்று ஆரம்பித்தான், பாதியில் அவனுக்கே கேட்டிருக்கும், நிறுத்திக்கொண்டான். பெயிண்டருடைய நம்பர் வேண்டுமானால் தருகிறேன் என்றேன். நல்ல மனுஷர், வேலை சுத்தம்.

"உள்ள வரலாமாக்கா?"

இவன் என்னிடம் இப்படிக் கேட்டு நான் கேட்டதில்லை.

"இன்னிக்கு வேணாம்டா. சுவர் ஈரமா இருக்கு."

தலையாட்டினான். பழப்பையை வாங்கிக்கொண்டேன். படியிறங்கும் சத்தம் முழுக்க நிற்கிறவரை கதவைத் திறந்தே வைத்திருந்தேன். பிறகு சாத்திவிட்டு, மீதிச் சுவரை முடித்தேன்.