மூன்றாவது சரணத்தின் மூச்சு

அன்புள்ள அத்தை,

பாட்டை முடித்துவிட்டேன்! உங்கள் மகள், நம் வாயாடி, இறப்பதற்கு முன் நானும் அவளும் சேர்ந்து பதிவுசெய்த இரண்டு சரணங்களும் அப்படியே இருக்கின்றன. மூன்றாவதை நான் தனியாகப் பாடினேன்.

ஒவ்வொரு வரிக்கு முன்பும் அவள் சத்தமாக மூச்சிழுப்பாளே, அதைக் கேட்ட ஒலிப்பதிவு அண்ணன், "இந்தப் புஸ்புஸ்ஸை அழிச்சிடட்டுமாம்மா?" என்றார்.

"கை வெச்சீங்க, நான் பாடவே மாட்டேன்ண்ணா. அது இல்லாம எனக்குத் தொடங்கவே வராது" என்றேன்.

அவர் சிரித்தார். பிறகு அந்த மூச்சுகளையே எடுத்து, மூன்றாவது சரணத்தில் என் வரிகளுக்கு முன்னால் ஒட்டித் தந்தார்.

அவள் குரலைக் கேட்கும் தைரியம் இல்லை என்றீர்கள். நீங்கள் கேட்ட பிறகுதான் மற்றவர்களுக்குப் போட்டுக்காட்டுவேன். மூன்றாவது சரணத்திலிருந்து தொடங்குங்கள், அத்தை. அங்கே அவள் பாடவில்லை. மூச்சு மட்டும் விடுகிறாள்.

இப்படிக்கு,
உங்கள் இன்னொரு வாயாடி