ஒன்பது எழுத்துக் கட்டம்

8.2.1989
கடைசியாக ஈஸ்ட் பட்டியலைத் தொடங்கினேன். செல்லுக்குள் புரதம் கட்டுவது ரைபோசோம். அதன் ஆர்.என்.ஏ. நான்கே எழுத்துகளால் ஆன நீண்ட வரிசை. அதில் எந்தெந்த எழுத்தின் மேல் மெதில் என்ற சின்ன வேதிக்குழு ஒட்டியிருக்கிறது என்று நாற்பத்து மூன்று உயிரினங்களுக்குக் குறித்து வைப்பதுதான் என் பி.எச்டி. ஆறாவது வருடம் ஓடுகிறது.

11.2.1989
அச்சில் வந்த வரிசையில் எழுத்துகளைப் பத்துப் பத்தாகக் கட்டம் பிரித்திருப்பார்கள். எல்லோரும் கட்டத்தை எண்ணுவார்கள். எனக்கு அது வராது. திருப்பூரில் சின்ன வயதிலிருந்து பனியன் மடித்த கை, டஜனாகத்தான் எண்ணும். அதனால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டு எண்ணினேன். கட்டக் கணக்கைவிட ஒன்று குறைகிறது. மூன்று தடவையும் குறைகிறது. ஒரு கட்டத்தில் ஒன்பதே எழுத்து!

அப்படியானால், எல்லோரும் பார்த்து எழுதும் வெளிநாட்டுப் பேராசிரியரின் பட்டியலில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு மெதில் உண்மையில் ஒன்றுதான். அதைக் கண்டு எழுதிய இரண்டு ஆய்வாளர்களில் ஒருவர் கட்டத்தை எண்ணியிருக்கிறார், இன்னொருவர் எழுத்தை. பேராசிரியர் இரண்டு எண்ணையும் தனித்தனி மெதிலாகச் சேர்த்துவிட்டார்.

13.2.1989
கோவை போய் என் வழிகாட்டி ஈஸ்வரமூர்த்தி சாரிடம் காட்டினேன். சிரித்தார். “இதென்னங்கம்மா பனியனா, டஜன் போட்டு எண்ணறதுக்கு? அவரு உலகம் பூரா பேரெடுத்தவரு. ரெண்டுன்னே எழுதிப் போடுங்க.”
“ஒருக்கா எண்ணிப் பாருங்க சார்.”
பக்கத்தைக் கையில் வாங்கவே இல்லை.

14.2.1989
மாட்டேன்.

2.3.1989
ஒன்று என்றே எழுதி ஆய்வேட்டைக் கொடுத்தேன். “ஃபெயிலானா எங்கிட்ட வரக்கூடாதுங்க” என்று சொல்லித்தான் சார் கையெழுத்துப் போட்டார். வீட்டில் இவர், “ஒத்தை எழுத்துக்கு என்னத்துக்குப் புள்ள வீம்பு? பட்டத்தை வாங்கற வழியப் பாரு” என்கிறார்.

இல்லாத மெதிலை எழுதிவிட்டு எந்த முகத்தோடு பெயருக்கு முன்னால் டாக்டர் போடுவது? அழுகை வந்தது. ஆத்திரத்தில்தான்.

19.9.1989
வாய்மொழித் தேர்வு. மெட்ராஸிலிருந்து வந்த தேர்வாளர் முதலில் அதைத்தான் கேட்டார். பக்கத்தை நீட்டினேன். விரல் வைத்து எண்ணினார். பிறகு ஈஸ்வரமூர்த்தி சார் பக்கம் திரும்பி, “நீங்க எண்ணலையா?” என்றார்.

சார் தலைகுனிந்தார். எனக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. நன்றாக இருந்தது.

ஆனால் நாற்பத்து மூன்றையும் மறுபடி எண்ணிவரச் சொல்லிவிட்டார்கள். ஆறு மாதம் போச்சு! எண்ணுகிறேன், எனக்கென்ன?

24.3.1990
இன்னும் இரண்டு தப்பு கிடைத்தது. ஒன்று என்னுடையது. அதையும் மறைக்காமல் டைப் அடித்துக் கொண்டுபோனேன். சார் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். உடனே மூடினார். “செத்த இருங்கம்மா” என்று முதல் பக்கத்தை இழுத்து, வாய்க்குள் எண்ணத் தொடங்கினார்.