அப்பா மெட்டு

கிட்வாய் நகர், புது டெல்லி
நவம்பர், ஞாயிறு மதியம்

கர்த்தருக்குள் பிரியமான அத்தானுக்கு,

ஃபெபி எழுதுகிறேன். நானும் ஜெனிஷாவும் இங்கே இருக்கிறோம். நலம் என்று எழுதப் பேனா போகவில்லை. அதனால் இருக்கிறோம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அங்கே குளிர் எப்படி? நான் அனுப்பிய கம்பளிச் சட்டை வந்ததா? அருணாசலப் பிரதேசத்து மலையை வெட்டி ரோடு போடுகிற இன்ஜினீயருக்கு, பார்சல் வந்ததா இல்லையா என்று சொல்ல மட்டும் நேரம் கிடைக்காது.

போனில் சொல்லாமல் வைத்திருந்ததை எழுதுகிறேன். உங்களுக்குச் சிக்னல் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. பேசும்போது ஜெனிஷாவும் பக்கத்திலேயே நிற்கிறாள். நீங்கள் போன பிறகு பிள்ளை மயங்கி விழுந்தாள், சாப்பிடாமல் இருந்ததால்தான் என்று சொன்னேன் அல்லவா? அது மயக்கம் இல்லை, வலிப்பு. அதன் பிறகும் வந்தது. மறுபடியும் வந்தது.

பிள்ளைகள் வார்டில் இத்தனை வருஷமாக நர்ஸாக இருக்கிறேன். எத்தனையோ குழந்தைகளுக்கு வலிப்பு வந்து பதறாமல் பார்த்திருக்கிறேன். என் பிள்ளைக்குக் கண் மேலே செருகி வாய் ஒரு பக்கம் இழுத்தபோது, ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும் என்பதுகூட மறந்து பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு நின்றேன். கீழ் வீட்டுப் பூங்கோதை அக்காதான் ஓடிவந்து அவளைத் திருப்பிப் படுக்க வைத்தார்கள். இப்போது பாத்ரூம் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். பால்கனிக் கதவுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு ஓடுகிறேன்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. டாக்டரம்மா சிரப் கொடுத்திருக்கிறார். நல்லவர், பஞ்சாபி அம்மாள், கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்கிறார். மிகச் சில பிள்ளைகளுக்குச் சங்கீதம் கேட்டால்கூட வலிப்பு வருமாம். பாட்டு மூளையில் ஒரு மூலையில் போய் அடங்கி உட்காருவதில்லையாம். காதுக்கான இடம், ஞாபகத்துக்கான இடம், அழுகைக்கும் சிரிப்புக்குமான இடம் என்று எல்லாவற்றையும் ஒன்றாகத் தட்டி எழுப்புமாம். பாட்டாகச் சொன்னால் பிள்ளைகளுக்குப் பாடம் பதிவது அதனால்தானாம். எழுப்பிய இடத்தில் ஏதாவது கோளாறு இருந்தால் அதுவும் கூடவே எழுந்துகொள்ளும் என்கிறார். விழுவதற்கு முன்னால் என்ன சத்தம் கேட்டது என்று கவனியுங்கள் என்றார்.

முதல் தடவை கீழே ரோட்டில் கல்யாண பேண்ட் போனது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. உங்களுக்குத்தான் தெரியுமே, இந்த மாதத்தில் டெல்லியில் பாட்டு இல்லாத சந்து ஏது? கம்யூனிட்டி ஹாலில் டிஜே வைத்தவனிடம் போய் எனக்குத் தெரிந்த இந்தி முழுவதையும் கொட்டிச் சண்டை போட்டேன். பையா, என் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால், ஆன்ட்டிஜி, என் அக்காவுக்குக் கல்யாணம் என்கிறான். குப்பை வண்டிகூடப் பாட்டுப் போட்டுக்கொண்டுதான் வருகிறது. வீட்டில் டிவி இல்லை, என் போனில் ரிங்டோனைக்கூட எடுத்துவிட்டேன். சர்ச்சில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சிக்கும் அவளை அனுப்புவதில்லை. அங்கே ஒரு அம்மாள் பிள்ளையை ஏதோ பிடித்திருக்கிறது, உபவாச ஜெபம் வைக்கலாம் என்றாள். ஜெபம் வையுங்கள், வாயை மட்டும் மூடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். இனி அங்கே என்ன பேசுவார்களோ.

சரோஜினி நகரில் காதை மூடுகிற ரோம மூடி ஒன்று வாங்கினேன். அதை மாட்டினால் முயல்குட்டி மாதிரி இருக்கிறாள். நாள் முழுவதும் மாட்டித்தான் வைத்திருக்கிறேன். ஆனாலும் புதன்கிழமை விழுந்தாள். அன்றைக்குத் தெருவில் ஒரு சத்தமும் இல்லையேம்மா என்கிறார்கள் பூங்கோதை அக்கா. அவர்களுக்குக் காது கொஞ்சம் மந்தம், நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

டெல்லியை மூடியிருக்கிற புகைமூட்டத்தால் பள்ளிக்கூடம் இல்லை, வகுப்பு போனில் நடக்கிறது. அவள் பாட்டுக்கு அப்பா மெட்டில் வாய்ப்பாட்டை முணுமுணுத்துக்கொண்டு கணக்குப் போடுகிறாள். இந்த வீட்டில் மிச்சம் இருக்கிற ஒரே பாட்டு அதுதான். ஒன்றாம் வகுப்பில் எழுத்தும் எண்ணும் தலையில் நிற்கவில்லை, வேறு மாதிரிப் பள்ளியைப் பாருங்கள் என்று மேடம் சொன்ன அன்றைக்கு நான் அழுதுகொண்டிருந்தேன். நீங்கள் ஸ்கூட்டர் கழுவும்போது முனகுகிற அந்த ஓட்டை மெட்டில் இரண்டாம் வாய்ப்பாட்டைப் போட்டுப் பாடினீர்கள். மறுநாள் காலையில் அவள் முழுவதும் ஒப்பித்தாள். அப்புறம் தமிழ் எழுத்து, கிழமை, மாதம், வீட்டு விலாசம் எல்லாமே அந்த மெட்டில்தானே உள்ளே போனது? டெல்லியில் பிறந்த பிள்ளை ஙகரமும் ஞகரமும் தடுமாறாமல் சொன்னதைப் பார்த்து பூங்கோதை அக்கா அசந்துபோனார்களே. பெரிய சங்கீத வித்வான் என்று உங்களை நான் கேலி செய்தேன். இன்றைக்குச் சொல்கிறேன், அந்த மெட்டு இல்லையென்றால் அவளுக்குப் படிப்பே இல்லை.

ஒரு உதவி செய்யுங்கள். அடுத்து சிக்னல் கிடைக்கும்போது விசாரிப்பதை எல்லாம் விட்டுவிட்டு அந்த மெட்டை அவளுக்குப் பாடுங்கள். உங்கள் குரல் கேட்டால் பிள்ளை தேறுவாள். எனக்கும் பயமாக இருக்கிறது, அத்தான். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? மலைப்பாதையில் பார்த்து நடங்கள்.

உங்கள் ஃபெபி

கிட்வாய் நகர்
டிசம்பர், செவ்வாய்

பிரியமான அத்தானுக்கு,

கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைத்துவிட்டது என்று நீங்கள் எழுதிய கடிதம் வந்தது. சந்தோஷத்தில் குதிக்க வேண்டியவள் பயந்துபோய்ப் பேனாவை எடுத்திருக்கிறேன். ஏன் என்று சொல்லாமல் உங்களை ரயில் ஏற விடக் கூடாது. அதனால்தான் ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன்.

அன்றைக்கு நீங்கள் பாடிக்கொண்டிருந்தபோது போன் கட்டானது அல்லவா? சிக்னல் போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். போகவில்லை. நான்தான் கட் செய்தேன். நீங்கள் பாட ஆரம்பித்ததும் அவள் சிரித்தாள். எத்தனை நாளுக்கு அப்புறம் பார்க்கிற சிரிப்பு என்று நானும் கூடச் சிரித்தேன். அப்புறம் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. கண் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது, விரல் பாவாடை ஓரத்தைப் பிய்த்துக்கொண்டே இருக்கிறது. நீங்கள் மூன்றாம் வாய்ப்பாட்டுக்குப் போவதற்குள் சாய்ந்துவிட்டாள்.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். தலையில் ஒயர்களை ஒட்டி மூளையின் ஓட்டத்தைப் பார்க்கிற ஈ.ஈ.ஜி. எடுத்தார். கல்யாண பேண்ட் சத்தத்தைப் போட்டார், ஒன்றும் ஆகவில்லை. சினிமாப் பாட்டுக்கும் ஒன்றும் இல்லை. கடைசியில், வாயைத் திறக்காமல் மனதுக்குள் வாய்ப்பாட்டைப் பாடு பேட்டா என்றார். பேப்பரில் கோடுகள் எழும்பத் தொடங்கின. போதும் போதும் என்று அவரே அவளை உலுக்கி நிறுத்தினார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தக் காது மூடியை மாட்டி ஊரில் உள்ள பாட்டையெல்லாம் அடைத்துவிட்டு, அவளை உள்ளே இருக்கிற ஒரு பாட்டோடு தனியாக விட்டிருக்கிறேன். பூங்கோதை அக்காவுக்குக் காது மந்தமில்லை, எனக்குத்தான்.

உடனே உங்கள் மேல் பழி போட்டுக்கொள்ள வேண்டாம். எனக்குத் தெரியும், நீங்கள் அப்படித்தான் செய்வீர்கள். மெட்டு நோயைக் கொடுக்கவில்லை, இருந்த நோயைத் தொடுகிறது என்று டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார். மனதோடு ஒட்டிக்கொண்ட பாட்டுக்குத்தான் அந்தப் பலம் உண்டாம். மருந்தைக் கூட்டியிருக்கிறார். மெட்டு வேண்டாம், தாளம் மட்டும் வைத்துச் சொல்லிக்கொடுங்கள் என்கிறார். நானும் மேஜையைத் தட்டித் தட்டி நாலாம் வாய்ப்பாடு வரைக்கும் வந்திருக்கிறேன். பள்ளிக்கூடம் திறந்த பிறகு மேடமும் வகுப்பில் பெஞ்சைத் தட்ட விடுகிறார். கணக்கு மெல்ல வருகிறது. தமிழ் எழுத்து வர மாட்டேன் என்கிறது. ங எங்கே என்று கேட்டால் வாயைத் திறக்கிறாள், மெட்டு வந்துவிடும் என்று பயந்து தானே கையால் பொத்திக்கொள்கிறாள். அதைப் பார்க்க முடியாமல் புத்தகத்தை மூடிவிட்டேன்.

இவ்வளவு பயப்படுகிற பிள்ளை இனி அதைப் பாட மாட்டாள் என்று நம்பியிருந்தேன். முந்தாநாள் பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அதையே பாடிக்கொண்டிருந்தாள். வேண்டுமென்றே. நான் போய்ப் பிடிப்பதற்குள் விழுந்துவிட்டாள். எழுந்த பிறகு அடித்துவிட்டேன், அத்தான். மருந்து மயக்கத்தில் இருக்கிற பிள்ளையை முதுகில் அடித்தேன். அவள் அழவே இல்லை. விழுறதுக்கு முன்னாடி அப்பா வந்து நிக்காங்கம்மா என்றாள். சச்சி, நிஜமாத்தான், ஸ்கூட்டர் கழுவுற சோப்பு வாசனைகூட வருது, பேசத்தான் மாட்டேங்காங்க என்றாள். நான் ரொம்ப நேரம் பாடினா பேசுவாங்க இல்ல என்று என்னைக் கேட்டாள்.

வலிப்பு வருவதற்கு முன்னால் சில பேருக்குப் பழைய ஞாபகம் கண் முன்னால் நடப்பது மாதிரி எழும்பும் என்று டாக்டரம்மா சொன்னார். படித்த விஷயம்தான், பரீட்சையில் நானே எழுதியிருக்கிறேன். என் பிள்ளை வாயால் கேட்டபோது படித்தது எதுவும் உதவவில்லை. மருந்து கொடுக்கலாம், பூட்டுப் போடலாம். அப்பாவைப் பார்க்கத் தானே விழுகிற பிள்ளையை நான் எதைக் கொண்டு தடுப்பேன்? டியூட்டிக்குப் போன இடத்தில் போன் அடித்தாலே எனக்கு உயிர் போய்விடுகிறது.

நீங்கள் வர வேண்டும். லீவுக்கு மட்டும் இல்லை. டெல்லிக்கு மாற்றல் கேட்டு எழுதுங்கள். டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்கி இதோடு வைத்திருக்கிறேன். ஆனால் பாடாமல் வர வேண்டும். படி ஏறும்போது முனகுகிற பழக்கத்தை ரயிலிலேயே விட்டுவிடுங்கள். ஜெனி என்று இழுத்துக் கூப்பிட வேண்டாம். அதில்கூட அந்த மெட்டு இருக்கிறது. பாட்டில்லாத வெறும் குரலே வலிப்பைக் கொண்டுவருமா, முகத்தைப் பார்த்தாலே வந்துவிடுமா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். வந்தால்தான் தெரியும் என்கிறார். புருஷன் வீட்டுக்கு வருகிற நாளை நினைத்து இப்படிப் பயப்படுகிற பெண்ணை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். மன்னியுங்கள்.

நீங்கள் வரப்போவதை நேற்று அவளிடம் சொன்னேன். நிஜ அப்பா வந்தாலும் விழுவேனாம்மா என்று கேட்டாள். இல்லை, நிஜ அப்பா உன்னோடு பேசுவார் என்று சொல்லிவிட்டேன். என் தைரியத்தில் சொன்னது இல்லை. கர்த்தர் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பாராக. வாசலில் நின்று ஏதாவது பேசுங்கள், அத்தான். ரயில் தாமதமானது, குளிர் அதிகம், எதுவானாலும் சரி. அவள் விழாமல் நின்று கேட்க வேண்டும்.

உங்கள் ஃபெபி