கோணல் பை

ஜூலை 8

இன்று மறுபடியும் குத்துவிளக்கு ஏற்றித் தொடக்க விழா. தட்டாஞ்சாவடிப் பயிற்சி மையத்தில் இது எனக்கு மூன்றாவது விளக்கு. அதே வாழைநார்ப் பை, அதே நாங்கள். பாகூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறேன். எனக்குக் கைவந்த வேலையை எனக்கே முதலிலிருந்து சொல்லிக்கொடுக்கிறார்கள். பயிற்சி முடிந்ததும் வேலை என்று ஒவ்வொரு தடவையும் மேடையில் சொல்கிறார்கள். வேலைதான் வந்தபாடில்லை. அடுத்த பயிற்சி வந்துவிடுகிறது.

ஜூலை 9

மையத்தை நடத்தும் பிரேம்குமார் சார் இன்று சொன்னது: "பார்வையிட ஆளுங்க வர்றாங்க. மொத வாரம் எல்லாரும் கோணலா பின்னுங்கம்மா. கடைசில நேரா பின்னுங்க. அப்பத்தான் பயிற்சி குடுத்தது தெரியும்."

கோணலாகப் பின்னுவது எவ்வளவு கஷ்டம்! நாரை நனைக்கக் கூடாது. முறுக்கைத் தளர்த்த வேண்டும். விரல் தானாக இழுத்துக் கட்டப் போகும், அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். பின்னினேன். பக்கத்து வீட்டுக் குஞ்சம்மாள் அக்கா, வாய் பிளந்த பை ஒன்றைச் செய்துவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூலை 12

வயிறு எரிகிறது.

தஸ்லீம் பாய் மையத்துக்கு வந்தார். முல்லா வீதியில் கடை, பிரான்சில் இருக்கும் மச்சானுக்குப் பைகள் அனுப்புகிறவர். பின்னத் தெரிந்தவர்கள் வேண்டுமாம், வருஷம் முழுக்க வேலையாம். நிஜமான வேலை! அலமாரியிலிருந்து ஒரு பையை எடுத்தார். என்னுடையது.

"யாரு பின்னுனது?"

"இப்பத்தான் கத்துக்கறாங்க பாய்" என்று சார் முந்திக்கொண்டார்.

"அப்ப கத்துக்கட்டும்." எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு வாய் இல்லையா? ஏன் தொறக்கல? தினம் குடுக்கற பேட்டா போயிடும்னா? அந்த சாரு சொன்னதுக்கு நான் எதுக்குத் தலைய ஆட்டுனேன்?

ஜூலை 13

பஸ்ஸில் குஞ்சம்மாள் அக்கா பிடித்து வைத்த இடத்தில் உட்காராமல் முன்னால் போய் நின்றுகொண்டேன்.

ஜூலை 14

"பாய் கடைக்குப் போவலாம், வாக்கா" என்று குஞ்சம்மாள் அக்காவைக் கூப்பிட்டேன்.

"போடி. சாருக்குத் தெரிஞ்சா லிஸ்ட்லேருந்து பேர எடுத்துடுவாரு. வர்ற பேட்டாவும் போச்சுன்னா?"

"பேட்டா வர்ற வரைக்கும் கோணலாவே பின்னிக்கிட்டு இருப்பியா?" தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன். பாவம். கத்த வேண்டிய ஆள் வேறு.

ஜூலை 16

தனியாகவே போனேன். அலமாரியில் இருந்த என் கோணல் பையை யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டேன். வீட்டில் பின்னிய நேரான பை ஒன்றும் கொஞ்சம் நாரும் கையில். இரண்டையும் பாய் மேஜையில் வைத்து, "ரெண்டும் நான்தான் பின்னுனது" என்றேன். நம்பவில்லை. தண்ணீர் வாங்கி நாரை நனைத்து, அங்கேயே உட்கார்ந்து அடிப்பக்கத்தைப் பின்னிக் காட்டினேன்.

"அப்ப இத ஏம்மா இப்படிப் பின்னுன?"

"பின்னச் சொன்னாங்க."

அவருக்குக் கோபம் வந்தது. என் மேல்தான்! "சொன்னா பின்னிடுவியா? நாளைக்கு நான் சொன்னாலும் பின்னுவியா?"

சுருக்கென்று தைத்தது. இவ்வளவு நாளும் சாரை மட்டும்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

"திங்கக்கெழம வா" என்றார் கடைசியில். கோணல் பையைத் திருப்பித் தரவில்லை.

ஜூலை 18

சார் போன் செய்தார். பாயிடம் போய்ச் சொல்லி மையத்தின் பேரைக் கெடுத்துவிட்டேனாம், இனி வர வேண்டாமாம். "நானும் வர்றதா இல்ல சார்" என்று சொல்லியேவிட்டேன்.

ஆகஸ்ட் 9

பாய் கடையில் பின்னிக்கொண்டிருந்தேன். குஞ்சம்மாள் அக்கா வாசலில் வந்து நின்றாள். பயிற்சி முடிந்துவிட்டது, வேலை வரவில்லை. "தள்ளி ஒக்காருடி" என்றாள். தள்ளி உட்கார்ந்தேன்.

செப்டம்பர் 20

பிரேம்குமார் சார் இன்று கேமராக்காரரோடு கடைக்கு வந்தார். மையத்தின் பயிற்சியால் வேலை பெற்றவர்கள் என்று விளம்பரத்தில் போட, எங்கள் படம் வேண்டுமாம்! எவ்வளவு தைரியம்!

பாய் என்னைப் பார்த்தார். "எடுக்கட்டும்" என்றேன்.

அந்தக் கோணல் பை ஆணியில் தொங்குகிறது. வெட்டிப்போட்ட நார்த்துண்டுகளைப் பாய் அதில்தான் போட்டு வைக்கிறார். துண்டுகளைக் கொட்டிவிட்டு, பையை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றேன். குஞ்சம்மாள் அக்காவும் வந்து பக்கத்தில் நின்றாள்.

"வேற நல்ல பையா புடிங்கம்மா" என்றார் சார்.

"நீங்க பின்னச் சொன்னது இதுதான சார்."

படம் எடுக்காமலே போனார்கள். பையை ஆணியில் மாட்டிவிட்டு நாரை நனைக்க உட்கார்ந்தேன்.