ஒட்டகத்தைத் தோண்டி எடுத்த கதை

வின்னிபெக்,
நவம்பர் 10.

அன்பு மகள் திர்ஸாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் கடவுள் தயவில் நன்றாக இருக்கிறோம். இந்த நன்றாக என்பதில் அப்பாவின் முதுகைச் சேர்க்கவில்லை, அந்த விவரம் கீழே வரும். நீ நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு, வெல்லிங்டன் காற்று தூக்கிக்கொண்டு போகாதபடி கொஞ்சமாவது சதை போட்டு இருப்பாய் என்று நம்புகிறேன். உனக்கு வசந்தம், எங்களுக்கு நேற்றே வாசற்படி தெரியாத அளவுக்குப் பனி. இன்னும் இரண்டு வருடம் அங்கேயே வேலை என்றும், அங்குள்ள சின்ன ஜெப ஆலயத்தில் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குக் கதையும் பாட்டும் நடத்தப்போவதாகவும், அதற்கு நீ சின்ன வயதில் எழுதி வரைந்த ஒட்டகப் புத்தகத்தை அனுப்பச் சொல்லியும் ஆகஸ்டிலேயே எழுதியிருந்தாய். கிழிந்ததை ஒட்டிவிட்டு அனுப்புகிறேன் என்று நானும் பதில் போட்டேன். அதன் பிறகு நடந்ததைத் தொலைபேசியில் மூன்று முறை சொல்லப் பார்த்தேன். முதல் முறை உனக்குப் பஸ் வந்துவிட்டது, இரண்டாம் முறை எனக்குத் தைரியம் வரவில்லை, மூன்றாம் முறை அப்பா எதிரில் நின்று வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். எழுதியே விடுகிறேன். உன் புத்தகத்தைப் புதைத்துவிட்டோம். தவறுதலாக. முழு மரியாதையுடன்.

பதறாதே, முழுவதும் படி. ஒட்டுவதற்கு ஒரு சாயங்காலம் போதும் என்பது உனக்கும் தெரியும். ஆனால் நான் அதை ஜெப ஆலய நூலக அறையில், ஒட்ட வேண்டிய புத்தகங்களின் அட்டைப்பெட்டியில் போட்டுவைத்தேன். ஞாயிறு காலை எடுத்து, கிட்டாரில் எனக்குத் தெரிந்த மூன்றே பிடிகளில் அதிலுள்ள பாட்டைப் பாடி, பிள்ளைகளுக்குப் படத்தைக் காட்டிவிட்டு மறுபடி பெட்டியில் வைப்பேன். செப்டம்பரில் புத்தாண்டு வேலை என்றேன், அக்டோபரில் கூடாரப் பண்டிகை வேலை என்றேன். அதே அறையில் இன்னொரு பெட்டியும் நிரம்பிக்கொண்டிருந்தது. நைந்துபோன ஜெபப் புத்தகங்கள், கடவுள் பெயர் அச்சான பக்கங்களைக் குழந்தைகள் கடித்துத் துப்பிய படப் புத்தகங்கள், குப்பையில் போடக் கூடாத எல்லாம் அதில். தரை உறைவதற்குள் நம் முறைப்படி கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தாக வேண்டும் என்று அக்டோபர் கடைசி ஞாயிறைக் குறித்தோம். இரண்டுமே வாழைப்பழப் பெட்டிகள். ஒன்றில் ‘புதைக்க’ என்றும் மற்றதில் ‘ஒட்ட’ என்றும் பெரிதாக எழுதித்தான் வைத்திருந்தேன், எழுத்து சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தால் நான் என்ன செய்வது. தூக்கப்போனது உன் அப்பா. ஒன்றைத்தானே எடுக்கச் சொன்னேன் என்று பிற்பாடு கேட்டதற்கு, "எதைச் செஞ்சாலும் பாதியில விட்டுட்டு வர்றேன்னு இருபத்துமூணு வருஷமா நீதானே சொல்றே, அதான் ரெண்டையும் கொண்டுபோய் வச்சேன்" என்கிறார். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் முழுதாகச் செய்துமுடித்த முதல் வேலை அதுதான் திர்ஸா.

அடக்கம் மிக நன்றாக நடந்தது என்பதுதான் வேதனை. பதினெட்டுப் பிள்ளைகள் வரிசையாக வந்து ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள். ரப்பி ஷுலமித், இத்தனை வருடம் நமக்குச் சொல்லிக்கொடுத்த புத்தகங்கள் இனி ஓய்வெடுக்கட்டும் என்று நாலு வார்த்தை பேசினார், எனக்குக் கண் கலங்கியது. முடிவில் சந்தோஷமாக ஒரு பாட்டு வேண்டும் என்றதும் பிள்ளைகள் எல்லாரும் உன் ஒட்டகப் பாட்டைத்தான் பாடினார்கள், நானும் கிட்டாரோடு முன்னால் நின்று பாடினேன், ஒட்டகம் என் காலடியில் நாலடி ஆழத்தில் கிடந்தது. அதோடு ஒரு கோந்துப் புட்டி, இரண்டு கத்தரிக்கோல், என் கண்ணாடிக்கூடு.

மறு ஞாயிறு நாலு வயசு பீனா முன்வரிசையில் உட்கார்ந்து எங்கே ஒட்டகம் என்று கேட்டபோதுதான் நான் பெட்டியைத் தேடினேன். அலுவலகத்தில் பழைய நகல் ஒன்று இருந்தது, கறுப்பு வெள்ளை. அதைக் காட்டினால் பீனா ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, இது செத்துப்போன ஒட்டகம்" என்றாள். பாட்டை நிறுத்திவிட்டு ரப்பியின் அறைக்கு ஓடினேன். புதைத்ததைத் தோண்டலாமா என்று கேட்டேன். அதில் கடவுள் பெயர் இருக்கிறதா என்று அவர் கேட்டார். இல்லை, பஸ்கா விருந்துக்கு ஒரு ஒட்டகம் வந்து மட்ஸா ரொட்டியையும் முள்ளங்கியையும் அப்பாவின் குல்லாவையும் தின்கிறது, அவ்வளவுதான் என்றேன். "அப்ப அது அடக்கம் ஆகலை லியோரா, மண்ணுக்குள்ள வச்சிருக்கு, அவ்வளவுதான். போய் எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டார். விடுவாரா அடக்கச் சங்கத்து லாசர் பிவ்னிக்? அவசரக் கூட்டம் போட்டார். "இன்னிக்கு ஒட்டகம்பீங்க. நாளைக்கு ஒருத்தர் வந்து எங்க சித்தப்பாவைத் தப்பாப் புதைச்சிட்டோம், குடுங்கன்னா நான் என்ன பதில் சொல்றது?" என்று மேசையைத் தட்டினார். ரப்பி நிதானமாக, "உங்க சித்தப்பாவை எனக்குத் தெரியும் லாசர், யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க" என்றார். நாலுக்கு மூன்று ஓட்டில் அனுமதி கிடைத்தது. அந்தப் பெட்டியில் ஆசீர்வாதம் அச்சிட்ட ஹனுக்காப் பண்டிகைப் புத்தகம் ஒன்றும் இருக்கிறது, அதை மட்டும் தொந்தரவு செய்யாமல் திரும்ப வைத்துவிட வேண்டும் என்று நிபந்தனை.

புதன்கிழமை போனோம். மேல்மண் ஏற்கெனவே கல்லாகியிருந்தது. பரிகாரம் செய்தே தீருவேன் என்று அப்பா மண்வெட்டியை யாரிடமும் கொடுக்கவில்லை, நாற்பது நிமிடத்தில் முதுகு பிடித்துக்கொண்டது, மீதியைக் காவலாளி பெத்ரோ தோண்டினார். "இருபத்தாறு வருஷமா இங்க இருக்கேன். வைக்க வர்றவங்களைத்தான் பாத்திருக்கேன், வேணும்னு எடுக்க வந்தது நீங்கதாம்மா முதல்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பெட்டி ஒரு பக்கம் ஊறிப் பிசுபிசுத்திருந்தது. உன் புத்தகத்தைக் கோட்டுக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, அடுப்புக்குப் பக்கத்தில் துண்டை விரித்து, பக்கம் பக்கமாகப் பிரித்துக் காயவைத்தேன். அட்டை ஓரம் அலையலையாகிவிட்டது, சோபா மாதிரி நீ வரைந்த ஒட்டகத்துக்கு இன்னொரு திமில் முளைத்திருக்கிறது. மற்றபடி பிழைத்துவிட்டது.

இப்போது நான் எழுத வந்த விஷயம். ஒன்பது வயதில் நீ இதை என் கையில் கொடுத்த அன்று பஸ்கா பண்டிகை. அன்றைக்கே திராட்சைச்சாறு கொட்டி, பின்பக்கத்தில் இரண்டு தாள்கள் ஒட்டிப்போயின. கடைசிப் படம் போச்சே என்று நீ அழுததாக அப்பா சொல்கிறார், எனக்கு நினைவே இல்லை, பதினான்கு பேருக்குச் சமைத்துக்கொண்டிருந்திருப்பேன். எனக்குத் தெரிந்த கடைசிப் படம், விருந்தன்று எலியா தீர்க்கதரிசி வருவாரென்று திறந்துவைத்த கதவு வழியே ஒட்டகம் வெளியே போவது. கதை அந்தரத்தில் நிற்கிறதே என்று, மறு வருடமும் அதே கதவு வழியே ஒட்டகம் பசியோடு திரும்பி வருகிறது என்று நானே பாட்டில் ஒரு அடியைச் சேர்த்தேன். பன்னிரண்டு வருடமாகப் பிள்ளைகள் அந்த அடிக்குத்தான் அதிகமாகக் கைதட்டுவார்கள். புதன்கிழமை அடுப்புச் சூட்டில், மண்ணின் ஈரத்தில் இளகியிருந்த அந்தத் தாள்கள் தாமாகவே விட்டுக்கொண்டன. உள்ளே ஒட்டகம் ஒரு கப்பலில் நிற்கிறது, கப்பல்காரரின் தொப்பியை மென்றுகொண்டிருக்கிறது, முகத்தில் அப்படி ஒரு திருப்தி. கீழே உன் கோணல் எழுத்தில், ‘அம்மா, நான் திரும்பி வரலை, எனக்கு இங்க நல்லா இருக்கு. கதவை மூடுங்க, வீட்டுக்குள்ள குளிர் வருது.’

நான் எவ்வளவு நேரம் சிரித்தேன் என்று தெரியாது. அப்பா படுத்த இடத்திலிருந்தே என்னாச்சு என்னாச்சு என்று கத்தினார், எழுந்து வரத்தான் முடியவில்லை. காட்டினேன். பார்த்துவிட்டு அவர் சிரிக்கவில்லை, மூக்கைச் சிந்திக்கொண்டார். நான் இட்டுக்கட்டிய முடிவை நீ எத்தனை ஞாயிறு முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டிருப்பாய். பெரியவளானபின் எனக்குப் பக்கத்தில் நின்று சேர்ந்தும் பாடியிருக்கிறாய். ஒரு தடவைகூட, அம்மா அது அப்படி இல்லை என்று சொல்லவில்லையே, ஏன்? குற்றமாகக் கேட்கவில்லை. நீ மறந்தே போயிருந்தால் அப்படியே எழுது, எனக்கு நிம்மதியாக இருக்கும். மறக்காமல் எனக்காக விட்டுக்கொடுத்திருந்தால் அதையும் எழுது, தாங்கிக்கொள்வேன். மூன்று மாதம் ஏன் கோந்தைத் தொடவில்லை என்று இப்போது எனக்குப் புரிகிறது. புத்தகம் இங்கே இருக்கும்வரை நீயும் வந்துவிடுவாய் என்று நினைத்திருக்கிறேன், படித்த பெண் நினைக்கிற நினைப்பா இது.

நேற்று ஞாயிறு, பிள்ளைகளுக்கு உண்மையான முடிவைக் காட்டினேன். பெரிய கலகம். பொய், பொய் என்று ஒரு பக்கம் கத்தல். பீனா எழுந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "அதுக்கு அம்மா இருக்காங்களா இல்லியா?" என்றாள். இருக்காங்க என்றேன். "அப்பறம் ஏன் போச்சு?" கடல் பார்க்கப் போச்சு என்றேன். "பாத்தாச்சுல்ல, வரச் சொல்லுங்க." திர்ஸா, இரண்டு வருடமாக உன்னிடம் நான் சொல்லிவரும் வாதம் முழுவதும் அவ்வளவுதான், அதை நாலு வயசுப் பெண் வாயால் கேட்கும்போது அவ்வளவு பலமாக இல்லை. நான் ஒட்டகத்தின் கட்சியில் நின்று பேச வேண்டியதாயிற்று. அதுக்கு அங்கேயும் ஒரு மேசை கிடைச்சிருக்கு, கூப்பிட ஆள் இருக்காங்க என்று ஏதேதோ சொன்னேன். பீனா ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் கொஞ்சம் யோசித்து, "அங்க இருக்கறவங்களுக்கு அது என்னென்ன சாப்பிடும்னு தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "அய்யோ, எழுதி அனுப்புங்க ஆன்ட்டி, பட்டினி போட்டுடுவாங்க" என்றாள்.

அதனால்தான் இன்றைக்குக் காலையில் கடை திறந்ததும் போய் எல்லாப் பக்கத்தையும் வண்ணத்தில் நகல் எடுத்துக்கொண்டு, அசலை இத்துடன் அனுப்புகிறேன். ஒட்டவில்லை. மண்ணில் கிடந்த கோந்துப் புட்டி இன்னும் ஈரமாக இருக்கிறது என்று அப்பா சொல்லச் சொன்னார், அது முழுப் பொய், ஒட்டும்வரை இதை இங்கே வைத்திருக்க எனக்கு இனி பொறுமை இல்லை, அவ்வளவுதான். அங்கேயுள்ள பிள்ளைகளுக்கு நீ எழுதிய முடிவையே பாடு.

வெள்ளிக்கிழமை மாலை மெழுகுவர்த்தி ஏற்றியபின் உன் நாற்காலிக்கு மேலே கைவைத்து வழக்கம்போல உன்னை ஆசீர்வதிக்கிறேன். போன வாரம் அப்பா பார்த்துவிட்டு, "கையை இன்னும் கொஞ்சம் மேல தூக்கு, அவ உசரமாயிட்டா" என்றார். தூக்கியிருக்கிறேன். கடவுள் உன்னைக் காத்து, உன் மேல் முகம் மலர்ந்து, உனக்குச் சமாதானம் தரட்டும். காதை மூடும் தொப்பி போட்டுக்கொண்டு வெளியே போ. நீ கேட்காவிட்டாலும் உன் கம்பளிப் போர்வையையும் பெட்டியில் வைத்திருக்கிறேன், இரண்டு வருடத்துக்கு அது வேண்டும்.

முத்தங்களுடன்,
உன் அம்மா
லியோரா